வழியாத சிவப்பு

அத்தியாயம் 6

“இது ரத்தமில்லைப் பிள்ளை,” என்றார் சாரங்கிக்குக் கார் ஓட்டி உதவும் நீக்கிலாஸ். “இருபத்திரண்டு வருசம் இறைச்சி ஆலையில பண்டி வெட்டினனான். மூண்டாம் நாள் ரத்தம் கறுத்துப்போகும். இது இப்பவும் கூறைச்சீலை மாதிரி மினுங்குது.”

“பொலிஸும் ரத்தம் எண்டு சொல்லேல்ல அண்ணை. பெயின்ற் எண்டுதான் எழுதியிருக்கு.”

“பெயின்ற் எண்டால் எழுத்துக்கு மேலையும் பட்டிருக்க வேணுமே. பார், புதுசா வெட்டின பேரைத் தொடாமல் சுத்திப் போயிருக்கு. நல்லாப் படிச்ச பெயின்ற் போல.”

சாரங்கி சிரிக்கவில்லை. நேற்று மாலையிலிருந்து அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. டென்மார்க்கின் கிரின்ஸ்டெட்டுக்கு வெளியே ஒரு சின்னத் தேவாலயத்தின் பின்புறம், இடுப்பளவு வேலி மரங்களுக்கு நடுவே, அவர்கள் முன்னால் நின்றது ஒரு கருங்கல். மேல்முனை வளைந்த, நெஞ்சளவு உயரமான பழைய குடும்பக் கல்லறைக் கல். அதில் மூன்று பெயர்கள். கடைசிப் பெயர் ஏடித். ஓகஸ்டில் இறந்த எண்பத்தொன்பது வயது மூதாட்டி. அந்தப் பெயரைச் சுற்றிக் கல் முழுவதும் கருஞ்சிவப்புத் திட்டுகள்.

ஞாயிற்றுக்கிழமை, அந்த வருடம் இறந்தவர்களின் பெயர்களை வாசிக்கும் ஆராதனை முடிந்து ஊர்ச்சனம் கல்லறைகளுக்கு வந்தபோதுதான் இதைக் கண்டார்கள். அன்று மாலையே ஏடித்தின் மகன் பிறேபன் பொலிஸில் ஒரு பெயரைக் கொடுத்துவிட்டான். லூர்தம்மா. ஒன்பது வருடம் அவன் தாயைக் குளிப்பாட்டி, உடுத்தி, ஊட்டிவிட்ட வீட்டுப் பராமரிப்புப் பணியாளர். முதல்நாள் சனிக்கிழமை அவர் வாளியோடு போனதைக் கல்லறைத் தோட்டக்காரர் கண்டிருக்கிறார். பிறேபனுக்கு அது போதுமாக இருந்தது. பொலிஸுக்கும்.

இன்று செவ்வாய். பிற்பகல் இரண்டு மணிக்கு லூர்தம்மா கிரின்ஸ்டெட் பொலிஸ் நிலையத்துக்குப் போய்க் குற்றத்தை ஒப்புக்கொண்டு தண்டக் கடிதத்தில் கையெழுத்து வைக்க வேண்டும். வைத்தால் விஷயம் முடிந்துவிடும் என்று அவர் நினைத்திருந்தார். முடியாது. இருபத்துநான்கு வருடம் காத்திருந்து, மொழிப் பரீட்சை எழுதி, போன வசந்தத்தில் அவர் போட்ட குடியுரிமை விண்ணப்பம் அந்த ஒரு கையெழுத்தோடு பல வருடங்களுக்குத் தள்ளிப் போகும். வேலையும் போகும். கல்லறையை அசிங்கப்படுத்தியவளை எந்த வீட்டுக்குள் விடுவார்கள்?

நேற்று, தனியாகத் துப்பறியும் தொழில் செய்யும் சாரங்கி, அவர் வீட்டுக்குப் போய் ஒரு மணி நேரம் கேள்வி கேட்டாள். லூர்தம்மா தேத்தண்ணி ஊற்றினார், பிஸ்கற் வைத்தார், கடைசியில் மேசைத் துணியைத் தடவிக்கொண்டே ஒன்றைத்தான் சொன்னார்: “விடு பிள்ளை. நான் கையெழுத்து வைச்சிட்டுப் போறன்.”

அந்த ‘விடு’வைத்தான் சாரங்கியால் விட முடியவில்லை. பன்னிரண்டு வயதில், ஸ்கீவ நகரசபை அலுவலகத்தில், தாய்க்கு மொழிபெயர்க்க அவளைத்தான் உட்கார வைப்பார்கள். அம்மா மூச்சு வாங்கக் கோபமாகச் சொல்வதையெல்லாம் அவள் டேனிஷில் மரியாதையாக மாற்றிச் சொல்வாள். ‘இது அநியாயம்’ என்பது ‘அம்மாவுக்குச் சரியாக விளங்கவில்லை’ என்று ஆகும். அதிகாரிகள் புன்னகைப்பார்கள். நல்ல பிள்ளை என்பார்கள். அம்மா அவளைப் பார்ப்பாள். தன் கோபம் போய்ச் சேரவில்லை என்பது அவளுக்குத் தெரிந்திருக்கும். பிறகு அம்மா கோபப்படுவதையே விட்டுவிட்டாள். முப்பது வருடத்துக்குப் பிறகும் சாரங்கியால் அந்தப் புன்னகைகளை மறக்க முடியவில்லை.

“எத்தனை மணிக்கு மழை?” என்று கேட்டாள்.

“ஒண்டரைக்கு எண்டு ரேடியோ. இந்த நாட்டில வேற ஒண்டும் சொன்ன நேரத்துக்கு வராது, மழை வரும்.”

இப்போது பத்தேகால். மழை வந்தால் இந்தச் சிவப்பு கரைந்து போகலாம். அதற்குள் இந்தக் கல் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட வேண்டும்.

அவள் முழங்காலிட்டு உட்கார்ந்தாள். கல்லின் காலடியில் வெள்ளைப் பஞ்சுபோன்ற ஒன்றைச் சுற்றிக் கட்டிய வளையம் கிடந்தது. பக்கத்துக் கல்லறைகளிலும் ஊசியிலைக் கிளைகளை விரித்து அதே வளையங்களை வைத்திருந்தார்கள். குளிர்காலத்துக்குக் கல்லறைகளுக்குப் போர்வை போடும் இந்த ஊர் வழக்கம்.

“இது பஞ்சோ, பாசியோ?” என்றார் நீக்கிலாஸ்.

“லைக்கன். டேனிஷ்காரர் லாவ் எண்டுவினம். கல்லில இருக்கிறதும் அதுதான், வேற சாதி. உங்கட இந்தியாக்காரச் சிநேகிதர் பிரியாணிக்குப் போடுற கல்பாசியும் அதுதான்.”

“அதை நான் திண்டிருக்கிறன். அப்ப நான் கல்லறையைத்தான் திண்டனான் எண்டு சொல்லு.”

ஓல்போர்க்கில் காப்புறுதி நிறுவனம் ஒன்றின் விசாரணைப் பிரிவில் பத்து வருடம் வேலை செய்தபோதுதான் சாரங்கி இதையெல்லாம் படித்தாள். நேற்றைய புயலில் கூரை ஓடு உடைந்ததாக ஆட்கள் விண்ணப்பம் போடுவார்கள். அவள் ஏணி வைத்து ஏறுவாள். உடைந்த விளிம்பில் மஞ்சள் லைக்கன் படர்ந்திருந்தால் அந்தப் புயல் ஐந்து வருடத்துக்கு முந்தியது. லைக்கன் அவசரப்படாது, ஆளுக்கேற்றபடி கதையை மாற்றவும் மாற்றாது. மனிதர்களைவிட அவளுக்கு அதை நம்பப் பிடித்திருந்தது.

இப்போது அவள் கல்லின் பின்புறத்துக்குப் போனாள். அங்கே சிவப்பு இல்லை. கல் நிறையப் பழைய லைக்கன்கள், சாம்பல் நிறத்திலும் முட்டை மஞ்சள் நிறத்திலும், ரூபாய் நாணயக் குற்றிகளை ஒட்டிவைத்ததுபோல. மறுபடி முன்புறம் வந்தாள். சாம்பல் வட்டங்கள் அப்படியே இருந்தன. மஞ்சள் வட்டம் ஒன்றுகூட இல்லை. மஞ்சள் இருந்திருக்க வேண்டிய இடமெல்லாம் சிவப்பு.

“அண்ணை, பள்ளிக்கூடத்தில லிட்மஸ் கடதாசி பாத்தனீங்களோ?”

“மன்னாரில எங்கட சயன்ஸ் மாஸ்ரர் அதை நாக்கில வைச்சுப் பாக்கச் சொன்னவர். நாக்கு நீலமாச்சு, மாக்ஸ் வரேல்ல.”

“அந்தச் சாயமும் லைக்கனிலயிருந்துதான் எடுத்தது. காரிலை உங்கட சாப்பாட்டில தேசிக்காய் இருக்கோ?”

“அரைத் தேசிக்காய். மத்தியானத்துக்கு எண்டு மனிசி வைச்சது. அதிலை கை வைக்காதை.”

அவர் சொல்லிக்கொண்டே போய் எடுத்துவந்தார். சந்தியிலிருந்த கடையில் குழாய் அடைப்பு நீக்கும் தூள் ஒரு போத்தலும் வாங்கிவந்தார். தேவாலயத்தின் கல் மதிலிலிருந்து சாரங்கி நகத்தால் ஒரு மஞ்சள் லைக்கனைச் சுரண்டித் தண்ணீர்ப் போத்தல் மூடியில் போட்டாள். அந்தக் காரத் தூளைக் கரைத்து ஒரு துளி விட்டாள்.

மஞ்சள், கண் இமைப்பதற்குள் கருஞ்சிவப்பானது.

அவள் சொல்லாமலே நீக்கிலாஸ் தேசிக்காயின் புளிச்சாற்றைப் பிழிந்தார். சிவப்பு வெளிறி, தயங்கி, திரும்ப மஞ்சளானது. கல்லின் காலடியில் உதிர்ந்து கிடந்த சிவப்புச் செதில் ஒன்றில் சாரங்கி இன்னொரு துளி பிழிந்தாள். அதுவும் மஞ்சளானது. மீதிச் செதில்களைக் கடதாசியில் மடித்துப் பையில் வைத்தாள்.

“அப்ப ஒருத்தரும் ஒண்டும் ஊத்தேல்ல,” என்றார் அவர். “ஆரோ காரம் போட்டுக் கழுவியிருக்கினம். கழுவ, கல் கோவிச்சுக்கொண்டு சிவந்திட்டுது.”

“ஓம்,” என்றாள் சாரங்கி. அவள் குரலில் சந்தோஷம் இல்லை.

ஏனென்றால் கழுவுகிறவர் யார் என்பது இந்தக் கல்லறைத் தோட்டத்தில் எல்லாருக்கும் தெரியும். காலையில் தோட்டக்காரரே சொல்லியிருந்தார். லூர்தம்மாவின் கணவர் தெற்கு வரிசையில் இருக்கிறார். ஒவ்வொரு நவம்பர் இரண்டாம் திகதியும், ஆத்துமாக்கள் திருநாளன்று, லூர்தம்மா வாளி, பிறஷ், சவர்க்காரத்தோடு வந்து கணவரின் கல்லைப் பல் தேய்ப்பதுபோலத் தேய்த்துவிட்டுத்தான் மெழுகுதிரி ஏற்றுவார். மன்னாரில் அந்த நாளுக்குக் கல்லறைக்குச் சுண்ணாம்பு அடிப்பார்கள். அடிக்காத கல்லறை, ஆளில்லாத கல்லறை. பாசி பிடித்த கல் என்றால் பிள்ளைகள் கைவிட்டுவிட்டார்கள் என்று அர்த்தம். டேனிஷ்காரருக்கோ அதே பாசி வயதின் மரியாதை. சனிக்கிழமை நவம்பர் இரண்டு. அன்பின் மிகுதியால் லூர்தம்மா ஏடித்தின் கல்லுக்கும் அதையே செய்திருப்பார். இதை எங்கள் பெண் ஒருத்தியால்தான் செய்ய முடியும் என்று நினைத்தாள் சாரங்கி.

அவளுக்கு இப்போது லூர்தம்மா மேலேயே கோபம் வந்தது. தேய்த்துத் தேய்த்தே வாழ்ந்து, கடைசியில் செத்தவளின் கல்லையும் தேய்த்து, அதற்கும் மன்னிப்புக் கேட்டுக் கையெழுத்து வைக்கப் போகும் அந்தக் கைகள் மேல். தன் தாயின் கைகளும் அப்படித்தான் என்று நினைவு வர, கோபம் இன்னும் கூடியது.

“பார் பிள்ளை,” என்றார் நீக்கிலாஸ். “என்ர மனிசி ஒருநாள் என்னோட கோவிச்சு சொதிக் கோப்பையைச் சுவரில எறிஞ்சவ. சொதி கோடு கோடா வழிஞ்சு நிலத்துக்கு வந்திட்டுது. தட்டில ஊத்தின சொதிதான் இப்பிடிக் குளம் மாதிரி நிக்கும். இந்தக் கல்லில ஏன் ஒரு கோடும் இல்லை?”

சாரங்கி எழுந்து நின்றாள்.

ஒரு கோடும் இல்லை. திட்டுகளின் விளிம்பெல்லாம் வட்டம் வட்டமாக, குளக்கரை போல. நிற்கும் கல்லில் காரத் தண்ணீர் ஊற்றினால் சிவப்பு வழிய வேண்டும். இது வழியவில்லை. தேங்கியிருக்கிறது.

“கல் படுத்திருந்தது,” என்றாள் மெதுவாக.

“அவ்வளவு பாரமான கல்லை லூர்தம்மா படுக்க வைச்சுத் தோய்ச்சவவோ? அவவுக்கு முழங்கால் வருத்தம்.”

இடது கீழ் மூலையில் மட்டும் ஒரு கை அகலத்துக்கு யாரோ தேய்த்த தடம் இருந்தது. அங்கே சிவப்பு மங்கி, அதன் மேலே காய்ந்த சவர்க்காரம் வெள்ளைக் கோடுகளாக நேரே கீழே இறங்கியிருந்தது. சவர்க்காரம் வழிந்திருக்கிறது. சிவப்பு வழியவில்லை. ஒன்று கல் நிற்கும்போது நடந்தது. மற்றது கல் படுத்திருக்கும்போது. சவர்க்காரம் சிவப்புக்கு மேலே. அப்படியானால் சிவப்பு முதலில்.

அதன் முழு அர்த்தம் அவளுக்கு அப்போது உறைக்கவில்லை. அவசரம் அவளை இழுத்தது. புதுப் பெயர் வெட்டுவதற்காகக் கல் இரண்டு வாரம் கல்வெட்டுகிறவரிடம் இருந்தது என்று தோட்டக்காரர் சொல்லியிருந்தார். சாரங்கி அங்கே அழைத்தாள். மறுமுனையில் இருந்த மனிதர் சுருக்கமாகவே பேசினார். வேலை வியாழக்கிழமை முடிந்தது. அவர் கல்லைக் கழுவவில்லை, கழுவச் சொல்லி யாரும் கேட்கவுமில்லை. வெள்ளிக்கிழமை மகனே தன் இழுவை வண்டியில் ஏற்றிக்கொண்டு போனான்.

“மகனே,” என்று திருப்பிச் சொன்னாள் சாரங்கி.

நீக்கிலாஸ் ஏற்கனவே காரை நோக்கி நடந்துகொண்டிருந்தார்.

பிறேபனின் பால்பண்ணை பன்னிரண்டு நிமிடத் தூரம். காற்றில் சாண நெடி கண்ணை எரித்தது. தொழுவச் சுவர், கூரை, கொடிக்கம்பம், எல்லாவற்றிலும் அந்த முட்டை மஞ்சள். மாட்டு மூத்திரக் காற்றைக் குடித்து வளரும் லைக்கன் அது. இந்த மண்ணில் அதற்குப் பஞ்சமே இல்லை.

பால் கறக்கும் கொட்டிலின் வாசலில் நீல நிறப் பீப்பாய்கள் அடுக்கியிருந்தன. பால் குழாய்களைக் கழுவும் காரத் திரவம். கையுறை அணிக, கண்ணில் படாமல் பார்த்துக்கொள்க என்று பெரிய எழுத்து. அதற்குப் பக்கத்தில் இழுவை வண்டி.

நீக்கிலாஸ் அதற்குள் எட்டிப் பார்த்தார். பார்த்துவிட்டுக் கைத்தொலைபேசியில் படம் எடுத்தார். வெளிறிய பலகைத் தளத்தில், மேல்முனை வளைந்த ஒரு கல்லின் உருவம் அப்படியே வெறுமையாகக் கிடந்தது. அதைச் சுற்றிக் கருஞ்சிவப்பு விளிம்பு.

“படமே கீறி வைச்சிருக்கிறான்,” என்றார் அவர். “கீழே கையெழுத்து மட்டும்தான் இல்லை.”

பிறேபன் கொட்டிலிலிருந்து வந்தான். ஐம்பத்தைந்து வயது இருக்கும். உயரம், ரப்பர் சப்பாத்து, களைத்த முகம். சாரங்கி தான் யார் என்று சொல்லி, வண்டியைக் காட்டி, கேட்க வேண்டியதைக் கேட்டாள். அவன் மறுக்கவில்லை. அதுதான் அவளுக்கு இன்னும் ஆத்திரமாக இருந்தது. வானிலையைப் பற்றிச் சொல்வதுபோலச் சொன்னான். பெயர் வாசிக்கும் ஞாயிற்றுக்குள் கல் நிற்க வேண்டியிருந்தது. அழுக்காக இருந்தது. கழுவினான். சிவந்தது. தண்ணீர் அடித்தான், போகவில்லை. சனிக்கிழமை விடியற்காலை கொண்டுபோய் நட்டான். மழை கழுவிவிடும் என்று நினைத்தான். மழை வரவில்லை.

“அதை ஞாயிற்றுக்கிழமையே சொல்லியிருக்கலாமே.”

அவன் தொழுவச் சுவரைப் பார்த்தான். அம்மா அந்த லைக்கனைத் தொடவே விடமாட்டாள் என்றான். தேவாலயப் பத்திரிகையில் அதைப் பற்றி ஒரு பக்கம் எழுதியிருக்கிறாள். ஊரில் எல்லாரும் படித்திருக்கிறார்கள். அவள் செத்து மூன்று மாதத்தில் அவள் மகனே அதை அழித்தான் என்று சொல்ல வேண்டுமா? தோட்டக்காரர் வாளியைப் பற்றிச் சொன்னபோது, அது தானாகவே அப்படி ஆகிவிட்டது.

“தானாகவே,” என்றாள் சாரங்கி.

“உங்கள் ஆட்கள் அப்படித்தானே கழுவுவார்கள்,” என்றான் பிறேபன். குரலில் பகையில்லை. “அதோடு, அவளே ஒப்புக்கொண்டுவிட்டாள். சற்று முன்தான் பொலிஸிலிருந்து அழைத்தார்கள். நீங்கள் ஏன் இன்னும் ஓடித் திரிகிறீர்கள்?”

சாரங்கி கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். பன்னிரண்டு முப்பத்தைந்து. இரண்டு மணிக்கு வர வேண்டியவர் முன்னதாகவே போய்விட்டார்.

நீக்கிலாஸ் காரைப் பொலிஸ் நிலையத்தை நோக்கி வேகமாக ஓட்டினார். சாரங்கி கண்ணை மூடிக்கொண்டாள். செய்யாத ஒருவர், ஒருவரும் விரட்டாமல், ஒன்றரை மணி நேரம் முந்திப் போய் ஏன் ஒப்புக்கொள்ள வேண்டும்? பயமென்றால் பிந்திப் போவார்கள். முந்திப் போகிறவர் வேறு எதையோ மறைக்கப் போகிறார்.

சவர்க்காரம் சிவப்புக்கு மேலே.

லூர்தம்மா வந்தபோது கல் ஏற்கனவே சிவந்திருந்தது. கண்டார். அழிக்கப் பார்த்தார். ஒரு கை அகலம் தேய்த்துவிட்டு நிறுத்தினார். பிறகு வாயை மூடிக்கொண்டார். யாருக்காக?

நேற்றுக் காலை தன்னை அமர்த்த வந்த டானியலின் முகம் அவளுக்கு நினைவு வந்தது. லூர்தம்மாவின் ஒரே மகன், இருபத்தாறு வயது. பக்கத்து ஊரில் இறைச்சித் தொழிற்சாலையைச் சுத்தம் செய்யும் கம்பனியில் வேலை. காரின் பின்புறம் முழுவதும் காரப் போத்தல்கள். யார் செய்தது என்று கண்டுபிடியுங்கள் என்று அவன் ஒருமுறைகூடச் சொல்லவில்லை. அம்மாவுக்குத் தண்டனை வராமல் பாருங்கள் என்று மட்டும் டேனிஷில் திரும்பத் திரும்பச் சொன்னான். சாரங்கி அதைக் குறிப்புப் புத்தகத்தில் எழுதியிருந்தாள். எழுதிவிட்டு மறந்துபோனாள்.

“அண்ணை, ஏடித்தின்ர அடக்கத்தில ஏதோ பிரச்சினை எண்டு நீங்கள்தானே சொன்னீங்கள்?”

“அடக்கம் முடியக் காப்பி குடுக்கிறவை. குடும்பத்துக்கு மட்டும் எண்டு பிறேபன் லூர்தம்மாவை வாசலில நிப்பாட்டிப் போட்டான். ஒன்பது வருசம் பாத்த மனிசி. டானியல் எல்லாருக்கும் முன்னால சத்தம் போட்டவன். இதுக்கு ஒருநாள் இருக்கு எண்டு.”

“ஓம்,” என்றாள் சாரங்கி. “அதுதான்.”

பொலிஸ் நிலையக் காத்திருப்பறையில் லூர்தம்மா பூசைக்குப் போகும் நீலக் கோட்டோடு, கைப்பையை மடியில் வைத்து நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். கண்ணாடிக்கு அப்பால் இளம் பெண் அதிகாரி ஒருத்தி கடிதத்தை அச்சிட்டுக்கொண்டிருந்தாள். டானியல் சுவரோரம் நின்றான். கண் வீங்கியிருந்தது.

“கையெழுத்து வைச்சிட்டீங்களோ அக்கா?”

“இனித்தான். நீ ஏன் பிள்ளை இந்தக் குளிரில…”

“நீங்கள் போகேக்கை கல் சிவப்பாத்தானே இருந்தது?”

லூர்தம்மாவின் விரல்கள் கைப்பையின் கொளுக்கியைத் திறந்தன, மூடின.

“நீங்கள் அதைக் கண்டிட்டு அழிக்கப் பாத்தனீங்கள். டானியல்தான் செய்தவன் எண்டு நினைச்சு.”

“சத்தமாக் கதையாதை,” என்றார் லூர்தம்மா. “அவனுக்குச் சின்ன வயசு. வேலை இருக்கு. எனக்கு என்ன, நான் போற வயசு.”

சுவரோரம் நின்றவன் அசைந்தான். இந்த இரண்டு நாளில் சாரங்கி அவன் வாயிலிருந்து ஒரு தமிழ்ச் சொல்லும் கேட்டதில்லை. இப்போது அவன் தடுக்கித் தடுக்கித் தமிழில் பேசினான்.

“அம்மா. நான், நீங்கள் எண்டு நினைச்சனான். நீங்கள் எப்பவும் தேய்க்கிறது. அதான் நான் ஒண்டும் சொல்லேல்ல.”

தாயும் மகனும் ஒருவரையொருவர் பார்த்தார்கள்.

“ரெண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் ஒளிச்சு வைச்சிருக்கிறியள்,” என்றாள் சாரங்கி. “ஒருத்தரை ஒருத்தர் கேக்கேல்ல. செய்தவன் அங்கை மாட்டுக்குப் பக்கத்தில நிண்டு, அது தானாகவே அப்பிடி ஆகிவிட்டது எண்டு எனக்குச் சொல்லுறான். பிறேபன். பால் குழாய் கழுவுற காரத்தை ஊத்திக் கழுவினவன். அவன்ர வண்டியில கல்லின்ர அச்சு அப்பிடியே இருக்கு.”

நீக்கிலாஸ் படத்தைக் காட்டினார். லூர்தம்மா மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நெடுநேரம் பார்த்தார். நிம்மதி வரும் என்று சாரங்கி எதிர்பார்த்தாள். வந்தது வேறொன்று.

“கழுவினவனோ?” என்றார் லூர்தம்மா. “அந்த மஞ்சளை?”

“ஓம்.”

“ஒன்பது வருசம் ஒவ்வொரு நவம்பரும் நான் கேட்டனான். அம்மா, ஒருக்கா நான் தேய்ச்சு விடட்டே எண்டு. என்ர கை துடிக்கும். தொடாதை எண்டுவா. மாமனார் செத்த வருசத்திலயிருந்து அது வளருது, எனக்குக் கல்லுக்குக் கீழ இருக்கிற அவையளைவிட அதைத்தான் கனகாலம் தெரியும் எண்டுவா. ஒரு பூஞ்சையும் ஒரு பாசியும் சேந்து ஒரு வீட்டில இருக்கிற மாதிரியாம். ஒண்டு வீடு கட்டுமாம், மற்றது சமைக்குமாம். நானும் நீயும் போல எண்டு சிரிப்பா. அவ இருக்கும்வரை நான் தொடேல்ல.” அவர் நிறுத்தினார். “திரும்ப வளருமோ?”

“வளரும். ஒரு குற்றி அளவு வர எத்தினையோ வருசம் எடுக்கும்.”

வெளியே மழை தொடங்கிவிட்டது. சொன்ன நேரத்துக்குக் கொஞ்சம் முன்னதாகவே.

அதிகாரி கடிதத்தோடு வந்து பேனாவை நீட்டினாள். கனிவாகப் புன்னகைத்தாள். அந்தப் புன்னகையைச் சாரங்கிக்கு முப்பது வருடமாகத் தெரியும்.

லூர்தம்மா பேனாவை வாங்கவில்லை. எழுந்து நின்றார். முழங்கால் வருத்தத்தோடு நேராக நின்றார்.

“பிள்ளை, நீ சொல்லு. டேனிஷில எனக்கு நன்றியும் மன்னிப்பும்தான் வடிவா வரும். இது வராது. நான் சொல்லுறதை அப்பிடியே சொல்லு, மெதுவாக்காதை.”

நீக்கிலாஸ் மேசையில் கடதாசி மடிப்பை விரித்து, அரைத் தேசிக்காயைச் செதில்களுக்குப் பக்கத்தில் வைத்தார். அதிகாரி ஒன்றும் விளங்காமல் அதைப் பார்த்தாள்.

“நான் செய்யேல்ல எண்டு சொல்லு. அவன்தான் செய்தவன், அறிஞ்சுகொண்டு என்னைக் காட்டிக் குடுத்தவன் எண்டு சொல்லு. அவன்ர தாயின்ர காலை ஒன்பது வருசம் கழுவினனான், கல்லைத் தொடாதை எண்டவ, அவ இருக்கும்வரை தொடேல்ல. பெத்த மகன் தொட்டவன். அவனுக்கு வெக்கம் எண்டு நான் என்ர பேரைக் குடுக்கேலாது. எனக்குக் கோவம் எண்டு எழுதச் சொல்லு. முறைப்பாடு ஒண்டு எழுதச் சொல்லு. அவன்ர பேரில.”

சாரங்கி அதிகாரியின் பக்கம் திரும்பினாள். பன்னிரண்டு வயதில் அவள் விழுங்கிய சொற்களெல்லாம் நாக்கின் நுனியில் காத்து நின்றதுபோல் இருந்தது. ஒவ்வொன்றாகச் சொன்னாள். ‘காட்டிக் குடுத்தவன்’ என்பதற்கு டேனிஷில் மென்மையான சொல் ஒன்று இருக்கிறது. அதை விட்டுவிட்டுக் கடுமையானதைச் சொன்னாள்.

அதிகாரியின் புன்னகை போயிருந்தது. அவள் கடிதத்தைத் திருப்பி வைத்துவிட்டு வெற்றுத் தாளொன்றை எடுத்தாள்.

“உண்மையாகவே அவர் இப்படித்தான் சொன்னாரா?” என்று கேட்டாள்.

“இப்படித்தான்,” என்றாள் சாரங்கி. “அவர் இன்னும் முடிக்கவில்லை. எழுதுங்கள்.”